10-க்கு 20 பசுமைக்குடில்: ஊட்டிக் காற்றுக்கும் மழைக்கும் தாங்கும்படி அமைப்பது எப்படி?

கேத்தி_தோட்டம்:

வணக்கம். கேத்திப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில் 10 அடிக்கு 20 அடியில் ஒரு பாலிஹவுஸ் போடப்போகிறோம். குடைமிளகாய், லெட்யூஸ், கொஞ்சம் தக்காளி நாற்று, இவ்வளவுதான் நோக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்றும் மழையும் விடாமல் அடிக்கும் இடம். டிசம்பர், ஜனவரியில் உறைபனியும் உண்டு.

கேட்க வேண்டியவை:

அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் வேண்டும்? பைப்பை அப்படியே மண்ணில் அடித்து இறக்கினால் போதும் என்கிறார் ஒருவர். செலவைக் குறைக்க ஜி.ஐ. பைப்புக்குப் பதில் பிவிசி பைப்பை வளைத்துப் போடலாமா? ஷீட் எத்தனை மைக்ரான், எவ்வளவு வாங்க வேண்டும்? பக்கத்து ஊரில் பார்த்த குடில்களில் எல்லாம் ஷீட் முதலில் பைப்பை ஒட்டிய இடத்தில்தான் கிழிந்திருக்கிறது. அது ஏன், எப்படித் தடுப்பது?

வளைவு_பைப்:

முதலில் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். 10×20 அடி வேண்டாம், 3 மீட்டருக்கு 6 மீட்டர் என்று போடுங்கள். ஜி.ஐ. பைப் 6 மீட்டர் நீளத்தில்தான் வரும். இந்த அளவில் ஆர்ச்சுக்கும் ஒட்டு வராது, நீளவாக்குப் பர்லினுக்கும் (ஆர்ச்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்குப் பைப்) ஒட்டு வராது. 20 அடி என்று பிடிவாதம் பிடித்தால் நாலு இஞ்சுக்காக ஒவ்வொரு பைப்பிலும் ஒரு ஜாயின்ட் வைக்க வேண்டியிருக்கும். காற்றில் முதலில் விடுவது அந்த ஜாயின்ட்தான்.

முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப், மீடியம் கனம், 6 எண்ணம் ஆர்ச்சுக்கு. இரு முனையிலும் 64 செ.மீ. நேராக விட்டு, நடுப்பகுதியை 3 மீட்டர் விட்டமுள்ள அரைவட்டமாக ரோலர் பெண்டரில் வளைக்கச் சொல்லுங்கள். உச்சி உயரம் 2.14 மீட்டர், அதாவது 7 அடி வரும். வளைத்து முடித்ததும் பைப் கொஞ்சம் விரியும். அதனால் முதல் ஆர்ச்சைத் தரையில் படுக்கவைத்து, சாக்பீஸால் சுற்றுக்கோடு போட்டுக்கொண்டு, மற்ற ஐந்தையும் அந்தக் கோட்டின் மேல் வைத்துச் சரிபாருங்கள். ஒன்று இரண்டு செ.மீ. மாறினாலும் ஷீட் அந்த இடத்தில் தொளதொளக்கும்.

அஸ்திவாரத்துக்கு ஒரு இஞ்ச் பைப். முக்கால் இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 26.9 மி.மீ. அது ஒரு இஞ்ச் பைப்புக்குள் லேசான ஆட்டத்தோடு இறங்கும். 90 செ.மீ. துண்டுகளாக 12 வேண்டும், இரண்டு முழுப் பைப்பில் முடிந்துவிடும். ஒவ்வொரு துண்டின் அடியிலும் குறுக்கே ஓட்டை போட்டு 10 மி.மீ. கம்பியை 15 செ.மீ. நீளத்துக்குச் செருகிவிடுங்கள். இது இல்லாவிட்டால் கான்கிரீட் குழியிலேயே இருக்க, பைப் மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

பைப்பை வெறும் மண்ணில் அடிப்பது பற்றி: கணக்கைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ விசை கொடுக்கும். உங்கள் கூரை கவிந்திருக்கும் பரப்பு 18 சதுர மீட்டர். மொத்தம் 850 கிலோ வரை மேல்நோக்கி இழுக்கும் என்று வைத்துக்கொண்டு கட்டுவதுதான் பாதுகாப்பு. சட்டம் முழுதும் சேர்த்தாலும் 120 கிலோதான் வரும். மழையில் ஊறிய செம்மண் பைப்பைப் பிடித்துக்கொள்ளாது.

9 இஞ்ச் அகலம், 2 அடி ஆழக் குழி 12 எடுத்து 1:2:4 கலவை போட்டால் ஒவ்வொன்றும் 60 கிலோ வரும், மொத்தம் 720 கிலோ. சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பும் சேரும்போது போதுமானது. சிமென்ட் 2 மூட்டை, மணல் 5 கன அடி, முக்கால் ஜல்லி 10 கன அடி. ஆனால் உங்களுடையது சரிவை வெட்டிய இடம். வெட்டிய பக்கம் கெட்டி மண், கொட்டி நிரப்பிய பக்கம் லூஸ் மண். நிரப்பிய பக்கத்தில் குழி 2 அடியோடு நிற்கக்கூடாது. பழைய கெட்டி மண் தட்டும் வரை இறங்குங்கள், 3 அடி ஆனாலும் சரி. இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் அந்தப் பக்கம் அமர்ந்து குடிலே முறுக்கிக்கொள்ளும்.

நூல் கட்டும்போது மூலைவிட்டம் இரண்டும் 6.71 மீட்டர் வர வேண்டும். அஸ்திவாரப் பைப்பின் தலை எல்லாம் டியூப் லெவலில் ஒரே மட்டம். பைப் 55 செ.மீ. கான்கிரீட்டுக்குள், 35 செ.மீ. வெளியே. கான்கிரீட்டின் மேற்பரப்பு மண்ணைவிட 2 இஞ்ச் உயர்ந்து, பைப்பிலிருந்து வெளிப்பக்கம் வழியும்படி சாய்வாகப் பூசுங்கள். ஜி.ஐ. பைப் துருப்பிடிப்பது எப்போதும் மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு இஞ்சில்தான். ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆறவிட்ட பிறகே ஆர்ச் ஏற்றுங்கள். ஏற்றியதும் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் 8 மி.மீ. போல்ட் ஊடுருவிப் போட வேண்டும்.

ஆர்ச்சுக்கு ஆர்ச் இடைவெளி 1.2 மீட்டர். பர்லின் மூன்று: முகட்டில் ஒன்று, தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருபக்கமும் ஒவ்வொன்று. பர்லினை ஆர்ச்சுக்கு உள்பக்கமாக கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். வெளியே மாட்டினால் அதன் மேல்விளிம்பில் தண்ணீர் தங்கும், ஷீட்டும் தேயும். நான்கு மூலையிலும் சாய்வு பிரேசிங் கட்டாயம். முதல் ஆர்ச்சின் தோளிலிருந்து இரண்டாவது ஆர்ச்சின் அடிக்கு இழுக்க வேண்டும். பிரேசிங் இல்லாத குடில் நீளவாக்கில் அப்படியே சாய்ந்து படுத்துவிடும்.

வெல்டிங் தவிர்க்கவும். சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். தவிர்க்க முடியாத இடத்தில் ஜிங்க் பெயின்ட் இரண்டு கோட்.

பிவிசி பைப் வேண்டாம். வெயிலில் நொறுங்கும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, பிவிசியில் உள்ள குளோரின், வெயில் தாங்குவதற்காகப் பாலித்தீன் ஷீட்டில் கலந்திருக்கும் யுவி மருந்தைக் கெடுக்கும். ஷீட் தொடும் இடமெல்லாம் ஒரு வருடத்திலேயே பொடியும்.

ஷீட்_ஸ்பிரிங்:

மேலே அண்ணா சட்டத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். ஷீட் பற்றி நான் சொல்கிறேன்.

யுவி ஸ்டெபிலைஸ்டு, 200 மைக்ரான், ஆன்டி-டிரிப் பூச்சு உள்ளது என்று கேட்டு வாங்குங்க. கட்டடத்துக்குப் போடும் வெள்ளைத் தார்ப்பாய், சாதாரண பாலித்தீன் எல்லாம் ஊட்டி வெயிலில் ஒரு சீசன் தாங்காது. 2,240 மீட்டர் உயரம். குளிராக இருப்பதால் வெயில் குறைவு என்று தோணும், ஆனால் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். நல்ல ஷீட்டே 3 வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

200 மைக்ரான் ஷீட் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 5.4 சதுர மீட்டர் வரும். மேற்கூரைக்கு 4 மீட்டர் அகலம், 6.6 மீட்டர் நீளம் ஒரே துண்டு. பக்கக் கர்ட்டன் (காற்றுக்காகச் சுருட்டித் திறக்கும் பக்கத் திரை) இரண்டு, 1.2-க்கு 6.4. அடி ஏப்ரன் (கர்ட்டனுக்குக் கீழே மண்ணுக்குள் இறங்கும் நிலையான பட்டை) இரண்டு, 0.8-க்கு 6.4. முன்பின் முகப்புக்கு 3.4-க்கு 2.5 இரண்டு துண்டு. எல்லாம் சேர்த்து 69 சதுர மீட்டர், 13 கிலோ. மேற்கூரையை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒட்டுப் போட்டு இழுக்காதீங்க.

மாட்டுவது அலுமினிய புரொஃபைல் (பள்ளமுள்ள நீளப் பட்டை), அதற்குள் பிளாஸ்டிக் பூச்சு உள்ள ஜிக்ஜாக் ஸ்பிரிங். மரச் சட்டம் வைத்து ஆணி அடிக்கும் முறையில் ஒவ்வொரு ஆணி ஓட்டையும் கிழிசலின் தொடக்கம். புரொஃபைலை 30 செ.மீ.க்கு ஒரு செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூ வைத்து இறுக்குங்க. முகப்பு ஆர்ச் இரண்டிலும், 1.2 மீட்டர் உயரப் பர்லின் இரண்டிலும் புரொஃபைல் வரும். ஸ்குரூ தலை புரொஃபைலுக்குள் அமுங்கியிருக்க வேண்டும். வெட்டிய முனைகளை அரம் போட்டுத் தேய்த்துவிடுங்க, பிளேடு மாதிரி இருக்கும்.

பைப் ஒட்டிய இடத்தில் ஏன் கிழிகிறது என்று கேட்டீங்க. இரண்டு காரணம். வெயிலில் இரும்பு சூடேறி, அது தொடும் கோட்டில் மட்டும் ஷீட் வேகமாகப் பழசாகும். அடுத்தது ஆட்டம்: தளர்ந்த ஷீட் காற்றில் படபடவென அடித்து அதே கோட்டில் தேயும். முதல் காரணத்துக்கு ஆர்ச்சின் வெளிமுதுகில் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிடுங்க, அல்லது வெள்ளை ஃபோம் டேப் ஒட்டுங்க. டேப்பும் பிவிசி டேப்பாக இருக்கக்கூடாது. இரண்டாவதற்கு ஷீட்டை இறுக்கமாக இழுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. போல்ட் தலை, கிளாம்ப் காது எதுவும் ஷீட் பக்கம் துருத்தக்கூடாது. தவிர்க்க முடியாததற்குப் பழைய டிரிப் ஹோஸைப் பிளந்து கவசமாகக் கட்டுங்க.

இழுக்கும் முறை: காற்றே இல்லாத காலை, வெயில் லேசாக ஏறி 20 முதல் 25 டிகிரி இருக்கும் நேரம். விடியற்காலைக் குளிரில் இழுத்து மாட்டினால் மதியம் ஷீட் விரிந்து தொங்கும். உச்சி வெயிலில் இழுத்தால் இரவில் சுருங்கி ஸ்பிரிங் ஓரத்தில் கிழியும். ஆன்டி-டிரிப் பக்கம் எது என்று ஷீட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும், அது உள்ளே வர வேண்டும். மாற்றிப் போட்டால் காலையில் செடி மேல் சொட்டுச் சொட்டாக விழும். அதைப் பார்த்துத்தான் பலர் கூரை ஒழுகுது என்று நினைத்து ஓட்டை தேடுவார்கள்.

முதலில் ஒரு முகப்பு ஆர்ச்சில் உச்சியிலிருந்து இருபக்கமும் இறங்கி ஸ்பிரிங் போடுங்க. அப்புறம் எதிர் முகப்புக்குப் போய் நாலு பேர் சேர்ந்து நீளவாக்கில் இழுத்து அங்கே பூட்டுங்க. கடைசியாகத்தான் பக்கங்கள், நடுவில் தொடங்கி மூலைக்கு. பக்கத்தை முதலில் பூட்டினால் நீளவாக்குச் சுருக்கத்தை அப்புறம் எடுக்கவே முடியாது. கையால் தட்டினால் ‘டம்’ என்று சத்தம் வர வேண்டும்.

கூரை ஷீட்டின் இரு ஓரத்திலும் புரொஃபைலுக்குக் கீழே 20 செ.மீ. போல மிச்சம் தொங்கும். அதை வெட்டிவிடாதீங்க. கர்ட்டனின் மேல்முனையை மூடி மழைத்தண்ணீரை வெளியே தள்ளுவது அதுதான்.

கேத்தி_தோட்டம்:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு இருவருக்கும் மிக்க நன்றி. அளவை 3×6 மீட்டராகவே மாற்றிவிடுகிறோம். இன்னும் மூன்று சந்தேகம்.

ஒன்று, பக்கக் கர்ட்டன் தேவையா? குளிர் ஊர்தானே, முழுவதும் மூடிவிட்டால் என்ன? இரண்டு, ஷீட் 3 வருடம்தான் என்றால் பாலிகார்பனேட் போடலாமா? மூன்று, உறைபனி இரவில் நாற்றைக் காப்பாற்ற உள்ளே கரி அடுப்பு வைப்பது சரியா?

மேல்காற்று:

கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மூடிய குடிலில் கார்பன் மோனாக்சைடு சேரும், விடிகாலையில் கதவைத் திறந்து உள்ளே போகும் ஆளுக்கு உயிராபத்து. புகையில் உள்ள எத்திலீன் பட்டுத் தக்காளிப் பூவும் உதிரும்.

கர்ட்டன் கட்டாயம் தேவை. வெளியே 20 டிகிரி இருக்கும் வெயில் நாளில் மூடிய குடிலுக்குள் 35-ஐத் தாண்டிவிடும். குடைமிளகாயில் பூ கொட்டும். ஈரம் வெளியேறாமல் சாம்பல் பூஞ்சணமும் பிடிக்கும், லெட்யூஸில் அடி அழுகல் வரும். திறப்பு தரைப்பரப்பில் குறைந்தது 20 முதல் 30 சதவீதம் இருக்க வேண்டும். 30 செ.மீ. உயரத்திலிருந்து 1.2 மீட்டர் வரை இருபக்கமும் திறந்தால் உங்களுக்கு 10.8 சதுர மீட்டர் கிடைக்கிறது, தேவைக்கு மேலேயே. அந்த இடத்துக்கு 40 மெஷ் பூச்சி வலையை நிரந்தரமாகப் பூட்டிவிடுங்கள். அதே புரொஃபைலில் வலைக்கு ஒரு ஸ்பிரிங், மேலே ஷீட்டுக்கு இன்னொரு ஸ்பிரிங் என்று இரண்டும் உட்காரும்.

கர்ட்டனின் கீழ்முனையில் ஒரு அரை இஞ்ச் பைப்பைச் சுற்றி கிளிப் போட்டு, முனையில் கைப்பிடி மாட்டினால் சுருட்டி ஏற்றலாம். மூடியிருக்கும்போது கர்ட்டன் ஏப்ரனுக்கு வெளிப்புறமாக 15 செ.மீ. இறங்கி நிற்க வேண்டும். ஏப்ரனுக்கு உள்ளே விட்டால் வழிந்து வரும் தண்ணீர் முழுக்கக் குடிலுக்குள்தான் போகும். பார்ப்பதற்குச் சின்ன விஷயம், ஒழுகும் குடில்களில் பாதிக்கு இதுதான் காரணம். கர்ட்டன் காற்றில் உப்பாமல் இருக்க, மேலும் கீழும் கொக்கி வைத்து நைலான் கயிற்றை ஜிக்ஜாக்காக வெளியே கட்டுங்கள். கயிறு இறுக்கமாக, ஆனால் கர்ட்டன் உருளும் அளவுக்கு இடம் விட்டு.

ஏப்ரன் 80 செ.மீ.யில் 30 மேலே, மீதி 50 மண்ணுக்குள். ஒரு அடி ஆழ வாய்க்கால் தோண்டி, ஷீட்டை அதன் அடி வரை இறக்கி வெளிப்பக்கம் மடக்கி மண் மூடி மிதியுங்கள். எலியும் காற்றும் இரண்டுமே அடியில் நுழையாது.

கதவை மேற்குப் பக்கம் வைக்காதீர்கள். காற்று கதவைப் பிய்த்துவிட்டால் உள்ளே புகுந்த காற்று கூரையை உள்ளிருந்து தூக்கும், வெளியே ஓடும் காற்று மேலிருந்து உறிஞ்சும், இரண்டும் கூடிவிடும். முழுக் குடிலும் போவது பெரும்பாலும் இப்படித்தான். குறுகிய 3 மீட்டர் முகப்பு காற்றைப் பார்க்கும்படி குடிலைத் திருப்புங்கள். பள்ளத்தாக்கில் காற்று வரைபடத்தில் இருக்கும் திசையில் வராது, அது பள்ளத்தாக்கின் போக்கில் வரும். சுற்றியுள்ள மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கின்றன என்று பாருங்கள், காற்று அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. காற்று வரும் பக்கம் 5, 6 மீட்டர் தள்ளி 50 சதவீத ஷேட் நெட்டை 2 மீட்டர் உயரத்துக்குக் கட்டலாம். தகரமோ சுவரோ கட்டினால் காற்று அதன்மேல் ஏறி உங்கள் கூரை மேல் சுழன்று விழும்.

தண்ணீரையும் யோசியுங்கள். ஒரு நாளில் 100 மி.மீ. மழை பெய்தால் அந்தக் கூரையிலிருந்து 1,800 லிட்டர் இறங்கும், அதில் பாதி மேட்டுப் பக்கம். சுற்றிலும் ஒரு அடி அகல, ஒரு அடி ஆழ வாய்க்கால், 100-க்கு 1 சரிவு, அஸ்திவாரக் கான்கிரீட்டிலிருந்து அரை மீட்டராவது தள்ளி. மேட்டுச் சரிவிலிருந்து வரும் தண்ணீருக்குத் தனி வாய்க்கால் மேலேயே வெட்டிவிடுங்கள், இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

வளைவு_பைப்:

பாலிகார்பனேட் போடலாம், சட்டம் தாங்கும். 6 மி.மீ. இரட்டைச் சுவர் ஷீட் சதுர மீட்டருக்கு 1.3 கிலோதான். அதைக் குளிர்நிலையிலேயே 1.05 மீட்டர் ஆரம் வரை வளைக்கலாம், உங்கள் ஆர்ச்சின் ஆரம் 1.5 மீட்டர். விலைதான் பலமடங்கு.

ஆனால் ஷீட் மாதிரி இழுத்துப் பூட்டுகிற பொருள் இல்லை அது. 1 மீட்டருக்கு 1 டிகிரிக்கு 0.065 மி.மீ. விரியும். 4 மீட்டர் தகடு இரவுக்கும் பகலுக்கும் 30 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 8 மி.மீ. நீளும். அதனால் ஓட்டை ஸ்குரூவைவிட 3, 4 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். நீளமான தகட்டின் ஓரங்களில் நீள்வட்ட ஓட்டை போட்டு, நடுவில் மட்டும் இறுகப் பிடியுங்கள். அகலமான ஈபிடிஎம் (ரப்பர்) வாஷர் போடுங்கள், வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்துங்கள். அடங்காமல் முறுக்கினால் தகடு குழிந்து, அந்தக் குழியில் தண்ணீர் நின்று, அங்கேயே வெடிக்கும். உள்ளே ஓடும் குழல்கள் வளைவின் போக்கில் வர வேண்டும், குறுக்கே வந்தால் உள்ளே ஈரம் தேங்கிப் பாசி பிடிக்கும்.

வளைத்துப் போடும்போது இரு முனையும் தரைப் பக்கம்தான் இருக்கும். அந்த முனைகளுக்குத் துளையுள்ள வென்ட் டேப் ஒட்டி, அதன்மேல் அலுமினிய யூ புரொஃபைல், அடியில் நீர் வடிய 30 செ.மீ.க்கு ஒரு சின்ன ஓட்டை. முழுதாக அடைத்தால் உள் ஈரம் வெளியேறாது. ஒட்டும் இடங்களுக்கு நியூட்ரல் சிலிக்கான் என்று டியூபில் எழுதியிருப்பதை வாங்குங்கள். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் பாலிகார்பனேட்டையும் அரிக்கும், ஜி.ஐ. பூச்சையும் அரிக்கும். யுவி பூச்சு உள்ள முகம் வெளியே. அதைக் காட்டும் பாதுகாப்புப் பேப்பரை மாட்டிய அன்றே உரித்துவிடுங்கள், வெயில் பட்டால் ஒட்டிக்கொண்டு வராது.

என் பரிந்துரை: முகப்பு இரண்டுக்கும் கதவுக்கும் பாலிகார்பனேட், கூரைக்கு ஷீட். காற்று நேராக மோதுவதும் ஆள் உரசுவதும் முகப்பில்தான்.

ஒன்று விட்டுப்போயிற்று. தக்காளிக் கொடியை ஆர்ச்சில் கட்டித் தொங்கவிடாதீர்கள். காய்த்த பயிர் சதுர மீட்டருக்கு 15 கிலோ வரை இழுக்கும், முக்கால் இஞ்ச் ஆர்ச் அதற்கானது அல்ல. உள்ளே தனிக் கம்பம் நட்டு, அதில் கம்பி இழுத்துக் கட்டுங்கள்.

ஷீட்_ஸ்பிரிங்:

முகப்புக்கு மட்டும் பாலிகார்பனேட் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. முகப்பு ஆர்ச்சில் தகடும் ஷீட்டும் ஒரே இடத்தில் சந்திக்கும். தகட்டின் வெட்டு விளிம்பு ஷீட்டை உரசினால் அங்கேதான் கிழியும். அப்படிப் போடுவதாக இருந்தால் தகட்டை ஆர்ச்சுக்கு உள்பக்கம் மாட்டி, புரொஃபைலை வெளிமுதுகில் வையுங்க. இரண்டும் தொடவே கூடாது.

அப்புறம் மருந்து அடிக்கும்போது கந்தகமும் குளோரின் கலந்த மருந்தும் ஷீட்டில் படாமல் பார்த்துக்கோங்க. யுவி மருந்தை அவை சாப்பிட்டுவிடும்.

பனி_நாற்று:

உறைபனி பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை. சாதாரண பாலித்தீன் தரையின் வெப்பக்கதிரைப் பிடித்து வைக்காது. தெளிந்த, காற்றில்லாத இரவில் உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே குளிர்தான். சில இரவுகளில் உள்ளே ஒரு டிகிரி குறைவாகவே இருக்கும். குடில் போட்டுவிட்டோம், பனி ஒன்றும் செய்யாது என்று இருந்துவிடாதீர்கள்.

காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் பனி அதிகம் விழுவதற்குக் காரணம் குளிர்காற்று கனமாகப் பள்ளத்தை நோக்கி வழிவதுதான். உங்கள் குடிலின் பள்ளப் பக்கம் அடர்ந்த வேலியோ சுவரோ இருந்தால் அந்தக் குளிர் குடிலைச் சுற்றியே தேங்கும். அங்கே ஒரு வழி விடுங்கள்.

உள்ளே மேட்டுப் பக்கச் சுவரோரம் கறுப்பு பெயின்ட் அடித்த 200 லிட்டர் டிரம் மூன்று, தண்ணீர் நிரப்பி. ஒரு டிரம் தண்ணீர் இரவில் 5 டிகிரி குறைந்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்றே அதிகமான மின்சாரம் தரும் வெப்பத்தைக் கொடுக்கிறது. நாற்றுப் பாத்தி மேல் கம்பி வளைவு குத்தி மெல்லிய நான்-வோவன் கிராப் கவரைச் (துணி போன்ற பயிர்ப் போர்வை) செடியில் தொடாமல் போர்த்துங்கள். செடியில் ஒட்டினால் ஒட்டிய இலை கருகும். மாலை 4 மணிக்கு, வெயில் இறங்கும் முன்பே கர்ட்டனை மூடிவிட வேண்டும். 6 மணிக்கு மூடினால் குளிரைத்தான் உள்ளே பூட்டுகிறோம். காலை 9 மணிக்குக் காற்றுக்கு எதிர்ப்பக்கக் கர்ட்டனை ஒரு சாண் திறந்து ஈரத்தை வெளியேற்றிவிட்டு, பிறகு முழுதும் திறவுங்கள். பனி நாட்களில் தண்ணீர் பாய்ச்சுவது காலையில் மட்டும். காய்ந்த மண்ணைவிட ஈரமண் பகலில் அதிக வெப்பம் சேர்த்து வைக்கும், ஆனால் இலை நனைந்த நிலையில் இரவு வரக்கூடாது.

கேத்தி_தோட்டம்:

குறித்துக்கொண்டோம். நிரப்பிய பக்கம் கம்பியால் குத்திப் பார்த்ததில் கெட்டி மண் இரண்டேமுக்கால் அடியில் தட்டுகிறது. அந்த ஆறு குழியும் 3 அடி எடுக்கிறோம். அப்படியானால் ஒரு இஞ்ச் பைப் துண்டும் 90-க்குப் பதில் 120 செ.மீ. வெட்ட வேண்டும், சரிதானே?

வளைவு_பைப்:

சரி. அந்த ஆறுக்கு 120 செ.மீ. வெட்டினால் இரண்டு பைப்புக்குப் பதில் மூன்று பைப் வாங்க வேண்டிவரும். மிஞ்சும் துண்டு கதவு நிலைக்கு ஆகும். சிமென்ட்டும் 2 மூட்டைக்குப் பதில் இரண்டரை. குழி எடுத்த அன்றே கான்கிரீட் போட்டுவிடுங்கள், ஒரு மழை இறங்கினால் ஓரம் சரிந்து 9 இஞ்ச் குழி ஒன்றரை அடி ஆகிவிடும்.